இலை எங்கே என்று கேட்டார்கள்

கண்டியில் பஸ் ஏறியதிலிருந்து அந்தப் பெட்டியை நான் மடியைவிட்டு இறக்கவில்லை. மீன்காரர்கள் ஐஸ் போட்டு வைக்கிற வெள்ளைப் பெட்டி. இலங்கையில் ரெஜிபோம் பெட்டி என்கிறார்கள். உள்ளே ஈரத்துணி சுற்றிய ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பி நிறைய ஸ்பிரிட். அதற்குள் என் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பூ. பஸ் வளைவில் சாயும்போதெல்லாம் குப்பியின் மூடி கழன்றுவிட்டது என்று எனக்குத் தோன்றும். உடனே பெட்டியில் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பேன்.

பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டேவிட்டார்.

"மீன் பழுதாப் பெயித்தா தங்கச்சி?"

"மீன் இல்லைங்க. பூ."

"கண்டியில இரிந்து பூவா? எங்கட பக்கம் பூவே இல்லயா?"

ஐம்பதைத் தாண்டிய மனிதர். நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி, காலுக்கடியில் ஒரு பெரிய துணிமூட்டை. மருதமுனையில் நெய்யும் சாரன்களை, அதாவது கைலிகளை, மலைநாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் என்று சொன்னார். நான் நாகர்கோவில்காரி, செடிகளைப் படம் வரைவது என் தொழில் என்றேன். பயத்தில் இருந்தால் எனக்குப் பேச்சு அதிகம் வரும். அவர் கேட்காததையும் சொல்லிக்கொண்டே போனேன்.

மழைக்காட்டுத் தரையில், அழுகும் சருகுக்கு அடியில் வாழ்கிற செடி அது. இலை கிடையாது, பச்சை கிடையாது, வெயிலும் தேவையில்லை. மண்ணுக்குள் ஓடும் பூஞ்சை இழைகளைத் தன் வேருக்குள் இழுத்து, அவற்றைத் தின்றே பிழைக்கிறது. நல்ல மழைக்குப் பிறகு சில நாட்கள் மட்டும் ஒரு பூவை வெளியே நீட்டும். மங்கிய மஞ்சள் நிறத்தில், உள்ளே திரி எரிகிற சிறிய கூண்டு விளக்கு மாதிரி இருக்கும். உச்சியில் மெல்லிய மூன்று கொம்புகள். ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் ஆயுள் முழுக்கத் தேடியும் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

"இலையில்லாமப் பூவா!" என்றார் அவர். "அல்லாட குதுரத்." அல்லாவின் வல்லமை என்று அர்த்தம். தன் பையிலிருந்து இரண்டு உளுந்து வடையை எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டினார்.

அந்தப் பூவை நானும் ரிபாயாவும் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம். ரிபாயா சாய்ந்தமருதுக்காரி, தாவரவியல் படிப்பிக்கிறாள். ஒருகாலத்தில் திருவனந்தபுரத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள். பல மழைக்காலங்கள் தேடி, ஒருவழியாகக் கண்ணில் பட்ட சந்தோஷத்தில் அவள் பாறையில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். வேன் பிடித்து அவளை ஊருக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோது காட்டுப்பன்றிகள் அந்த இடத்தையே உழுது போட்டிருந்தன. மிஞ்சியது குப்பிக்குள் இருந்த ஒரே பூ. அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. என் விசா முடிவதற்குள் ரிபாயா வீட்டில் உட்கார்ந்து இருவருமாக அதைப் பிரித்துப் பார்த்து நான் வரைந்தாக வேண்டும்.

அம்பாறை தாண்டியதும் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. இரண்டு பக்கமும் வயல். எங்கள் நாஞ்சில்நாட்டு வயலைப் பிடித்து நாலு பக்கமும் இழுத்துவிட்ட மாதிரி அகலம். கைக்குழந்தையோடு ஒரு பெண் தடுமாறி நின்றாள். நான் எழுந்து இடம் கொடுத்தேன். சாரன் வியாபாரி சட்டென்று கையை நீட்டினார். நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருக்கிறவர் வாங்கி வைத்துக்கொள்வது இந்த நாட்டு பஸ்களில் வழக்கம். எங்கள் ஊரிலும் உண்டுதான். பெட்டியைக் கொடுத்தேன். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதுபோல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"சாய்ந்தமருது! எறங்குற ஆக்கள் கெதியா எறங்குங்க!"

எனக்கும் அவருக்கும் இடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "என் பெட்டி, என் பெட்டி" என்று நான் கத்தியதை யாரோ முதுகுப்பையைச் சொல்கிறேன் என்று நினைத்து அதைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். நானும் அதோடு தார்ரோட்டில் வந்து விழுந்தேன். பஸ் போய்விட்டது. பின்னால் ஓடினேன். என் வயதுக்கு அது பார்க்க நன்றாக இருந்திருக்காது.

ரிபாயாவின் கணவர் நஸ்மில் வீட்டு ஓட்டோவோடு காத்திருந்தார். அழைத்துப்போக வந்தவர், ஒரு வார்த்தை கேட்காமல் பஸ்ஸைத் துரத்தினார். கல்முனை நிலையத்தில் பஸ் காலியாக நின்றது. நடத்துநர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த சாரன் யாவாரிதானே? பெட்டியோட எறங்கினவர். உங்களத் தேடித்தான் ஒரு ஓட்டோவப் பிடிச்சி சாய்ந்தமருதுக்குத் திரும்பிப் போனவர்."

"அவர் பேர் என்ன?"

"அது தெரியா. அடிக்கடி வாறவர்."

பெயர் தெரியாது. போன் நம்பர் தெரியாது. அவருக்கும் என் பெயர் தெரியாது, நான் போகிற வீடு தெரியாது. வந்த வழியே திரும்பி வந்தோம். எதிரே வந்த ஓட்டோக்களில் எல்லாம் வெள்ளைத் தொப்பிகள்தான் தெரிந்தன.

ரிபாயா மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் நீட்டிப் படுத்திருந்தாள். என் வெறுங்கையைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவளுடைய உம்மா இடியப்பமும் மீன் ஆணமும் கொண்டுவந்து வைத்தார். ஆணம் என்றால் குழம்பு. தேங்காய்ப்பால் விட்டு, எங்கள் குடம்புளி மாதிரியான கொறுக்காப்புளி போட்டது. எங்கள் வீட்டில் தேங்காயை அரைத்து ஊற்றுவோம். வேறொரு நாளாக இருந்தால் அந்த வித்தியாசத்தை எழுதவே ஒரு பக்கம் பிடித்திருக்கும். அன்றைக்கு என்ன ருசி என்றே எனக்குத் தெரியவில்லை.

நஸ்மிலுக்கு ஒரு போன் வந்தது. எழுந்துபோய் வாசலில் நின்று பேசினார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"பொலிஸ் சாவடியில ஒராளப் பிடிச்சி வெச்சிரிக்காங்களாம். வெள்ளப் பெட்டியோட. குண்டு எண்டு கதைக்காங்க."

ரிபாயா கண்ணை மூடிக்கொண்டாள். "ஜெயா, உனக்கு இது வெளங்காது. இந்தக் கரையில ஆளில்லாத பெட்டி எண்டாலே ஆக்கள் தள்ளி நிப்பாங்க. பெட்டியோட ஒரு ஆள், உள்ளுக்கு என்ன எண்டு அவருக்கே தெரியா எண்டா…" சில வருஷங்களுக்கு முன், ஈஸ்டர் குண்டுவெடிப்புகளை அடுத்து, அந்த ஊர் கேட்ட வெடிச்சத்தத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

அந்தக் காவல் நிலையம் எந்த ஊரில் இருந்தது என்பது இங்கே வேண்டாம். அன்றிரவே நானும் நஸ்மிலும் போனபோது வாசல் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கருப்பு அபாயா, கையில் கசங்கிய ஒரு கைக்குட்டை. நஸ்மில் உள்ளே விசாரிக்கப் போனார். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அந்தப் பூக்காரி?"

"ஆமாங்க."

"என்ட மனிசன் பேர் ஆதம்பாவா. அதாவது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

"இது என்ன எண்டு கேட்டாங்களாம். பூ எண்டாராம். ஆர்ட எண்டு கேட்டாங்களாம். ஒரு இந்தியாக்காரிட, பேர் தெரியா எண்டாராம். பெட்டியில கத்தி இரிக்கி, ஊசி இரிக்கி, போத்தல்ல தண்ணி இரிக்கி. மூடியத் தொறந்து மணந்து பாத்திட்டு, குடிச்சிரிக்கியா எண்டு வாய ஊதச் சொல்லிரிக்காங்க. சாராய வாசம் கூட அறியாத மனிசன்."

கத்தியும் ஊசியும் நான் பூவைப் பிரிக்க வைத்திருந்தவை. உள்ளே போய், பெட்டி என்னுடையது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். மேசையில் இருந்த இளம் காவலர் எழுதிக்கொண்டார். பொறுப்பதிகாரி வெளியே போயிருக்கிறார், காலையில் வா என்றார். அதுவரை? அதுவரை அவர் இங்கேதான்.

காலையில் ரிபாயாவும் வருவேன் என்று அடம்பிடித்தாள். ஓட்டோவின் பின் இருக்கையில் அவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டு போனோம். பள்ளத்தில் விழும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆதம்பாவாவின் மனைவி ஹபீபா அதே பெஞ்சில் இருந்தார். உள்ளே, கம்பி போட்ட அறைக்கு வெளியே ஒரு நாற்காலியில் ஆதம்பாவா. தொப்பி இல்லை. தலையைக் குனிந்திருந்தார்.

அதிகாரி சிங்களவர். குரலை உயர்த்தாத மனிதர். அதுவே என்னை இன்னும் பயமுறுத்தியது. அவர் பேசப்பேச நஸ்மில் என் காதருகில் தமிழாக்கிக்கொண்டிருந்தார். ரிபாயா கொடுத்த அனுமதிப் பத்திரத்தை அதிகாரி நிதானமாகப் படித்தார்.

"பத்திரம் சரி. இதில் செடி என்று எழுதியிருக்கிறது. இது செடியா?"

குப்பியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஸ்பிரிட்டில் மஞ்சள் வெளிறி, கண்ணாடி போலாகியிருந்தது பூ. மூன்று கொம்புகளும் மெல்ல ஆடின.

"இலை எங்கே?"

"இலை கிடையாது சார்."

"பச்சை எங்கே?"

"அதுவும் கிடையாது. இது பூஞ்சையைத் தின்று வாழ்கிறது."

நஸ்மில் அதைச் சொன்னதும் அறையில் ஒரு சலசலப்பு. ஒரு காவலர், கடலில் இருக்கிற ஏதோ புழு என்றார். இன்னொருவர், பிறக்காத குட்டி ஏதாவது இருக்கும், சூனியக்காரர்கள் இப்படித்தான் போத்தலில் வைப்பார்கள் என்றார். அதிகாரி குப்பியைக் கீழே வைத்தார்.

"நான் கொழும்புக்கு அனுப்புகிறேன். அவர்கள் என்னவென்று சொல்லட்டும். பதில் வந்ததும் பெட்டியைத் தருகிறேன். ஆளையும் அப்போது பார்ப்போம்."

"பதில் வர எவ்வளவு நாளாகும்?"

தோளைக் குலுக்கினார். வெளியே பெஞ்சில் ஹபீபா எழுந்து நிற்பது தெரிந்தது.

ரிபாயா ஊன்றுகோலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தாள். என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது. ஒரு பூவை முழுதாக, எல்லாப் பக்கமிருந்தும் வரைந்து முடித்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். வெட்டிய பிறகு அந்த உருவம் திரும்பி வராது. என்னிடம் இருந்தது மழையில் நனைந்தபடி கிறுக்கிய ஒரு குறிப்புப் படம் மட்டும்.

"வெட்டிக் காட்டுவம்," என்றாள்.

"இங்கேயா?"

"வேற எங்க? விதை இரிந்தா அது செடி. உள்ளுக்குப் பாத்தா அவருக்கு வெளங்கும்."

அதிகாரி சம்மதித்தார். நஸ்மில் தன் போனில் குப்பியை நாலா பக்கமும் படம் எடுத்தார். தேநீர்க் கோப்பையின் வெள்ளைச் சாசர் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பூவை இடுக்கியால் எடுத்து வைத்தவுடன் தலைக்கு மேலிருந்த மின்விசிறிக் காற்றில் அது சாசரின் விளிம்பு வரைக்கும் வழுக்கிப் போனது. அதிகாரியே எழுந்துபோய் விசிறியை நிறுத்தினார். அடுத்த நிமிஷமே எல்லோருக்கும் வியர்வை ஊற்றியது. யாரும் நகரவில்லை.

பிளேடை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். இருபது வருஷமாகச் செய்கிற வேலை.

"ஜெயா," ரிபாயா மெதுவாகச் சொன்னாள். "நீ பூவப் பாரு. ஆக்களப் பாக்காத."

பிளேடை வைத்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. பூ இரண்டாகத் திறந்தது. உள்ளே ஆறு மகரந்தத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, திரைச்சீலை மாதிரி தலைகீழாகத் தொங்கின. ஒன்று பிளேடில் மாட்டிக் கிழிந்திருந்தது. அதற்குக் கீழே சூலகம். அதையும் கீறி, கைலென்ஸை அதிகாரியிடம் கொடுத்தேன்.

கண்ணை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ரிபாயா அவர் கையைத் தொடாமல், காட்டிக் கொடுத்தாள். குனிந்து பார்த்தார். மூச்சு விடாதீர்கள் சார் என்று தமிழில் சொல்லிவிட்டேன். எப்படியோ புரிந்துகொண்டு மூச்சை அடக்கினார். பிறகு சிங்களத்தில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"விதை எண்டு செல்றார்," என்றார் நஸ்மில்.

விதையாகப் போகிற தூள்கள்தான் அவை, இன்னும் விதை ஆகவில்லை. அதைத் திருத்துகிற நேரம் அதுவல்ல. காவலர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "என் அப்பா மொனராகலையில் விவசாயி. விதை வைக்கிறது எதுவோ அது பயிர் என்பார்," என்றார். பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, ஆதம்பாவாவைப் பார்த்துத் தமிழில், "போங்க," என்றார். அவ்வளவுதான்.

ஆதம்பாவா எழுந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூட்டையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, "வீட்ட போவம்," என்று மனைவியிடம் மட்டும் சொன்னார்.

அன்று மாலை நானும் நஸ்மிலும் மருதமுனைக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான். வீட்டின் பின்பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஆதம்பாவா உள்ளே இருந்து வரவில்லை. ஹபீபா கதவருகில் நின்று பேசினார்.

"பொலிஸ் விட்டிட்டு. ஊர் விடல்ல," என்றார். "சந்தித் தேத்தண்ணிக் கடையில குண்டுக் காக்கா எண்டு பேர் வெச்சாச்சாம். காலையில சாரன் எடுக்க வாற ஆள் வரல்ல. மகளுக்குப் பேசி வந்த இடத்தில இரிந்து போனும் இல்ல. நான் போய் ஒவ்வொரு படலையிலயும் நிண்டு, அது பூ, அது பூ எண்டு செல்லவா?"

காக்கா என்றால் அங்கே அண்ணன். ஹபீபா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அந்தப் பூவக் கீறத்தானே வந்த?"

அங்கே கீறுவது என்றால் வரைவது. ஓம் என்றேன். ஆமாம் என்பதற்குப் பதில் அந்த 'ஓம்' என்னை அறியாமலே வந்தது.

"அப்ப நாளைக்கு எங்கட வாசல்ல இரிந்து கீறுங்க. ரோட்டால போற ஆக்கள் எல்லாரும் பாக்கட்டும்."

நான் தனியறையில், கதவைச் சாத்திக்கொண்டு வரைகிறவள். பின்னால் ஆள் நின்றாலே கோடு வளைந்துவிடும். சரி என்றேன்.

மறுநாள் காலை படலைக்கு, அதாவது வேலிக் கதவுக்கு, உட்புறம், வேப்பமர நிழலில் மேசை போட்டிருந்தார்கள். ரிபாயா பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய சின்ன நுண்ணோக்கியோடு வந்து இறங்கினாள். வெட்டிய பூ ஒரு கண்ணாடித் தட்டில். பக்கத்தில் நஸ்மிலின் போன், முழுப் பூவின் படங்களோடு. நான் பென்சிலைச் சீவினேன். மறுநாள் விடிந்தால் எனக்குக் கொழும்பு பஸ். படம் அன்றைக்கே முடிந்தாக வேண்டும்.

முதலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். "இதுவா? இத்தனூண்டா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவள் இடித்துத் தள்ளினாள். ரிபாயா பூஞ்சைக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிப்போனாள். லுஹர் என்கிற நண்பகல் தொழுகை முடிந்து ஆண்கள் வந்தார்கள். ஒருவர், இது எந்த நோய்க்கு மருந்து என்று கேட்டார். எதற்கும் மருந்தில்லை என்றதும் ஏமாற்றமாகத் தலையாட்டினார், ஆனால் போகவில்லை. யாரோ என் மேல் வெயில் படாமல் குடை பிடித்தார்கள். முழங்கையை யாரோ தட்டி, ஒரு கொம்பின் கோடு கோணியது. அழித்து மறுபடி போட்டேன்.

ஆதம்பாவா உள்ளே விறாந்தையில் உட்கார்ந்து சாரன்களை மடித்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட இந்தப் பக்கம் வரவில்லை. நான் நிமிரும்போதெல்லாம் அவர் முதுகுதான் தெரிந்தது. பகல் சோற்றை ஹபீபாதான் கொண்டுவந்து வைத்தார். கீரிமீன் பொரியல், பருப்பு, மாசிச் சம்பல். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டேன். இந்த ஊருக்கு வந்தபின் ருசி தெரிந்து சாப்பிட்டது அதைத்தான்.

மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி முடிந்த நேரம். கூட்டம் குறைந்திருந்தது. படலைக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்தது. ஓட்டிவந்தவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வண்டியை முறுக்கினார். சந்தித் தேநீர்க் கடையில் எந்நேரமும் இருக்கிற மனிதர் என்று ஹபீபா என் காதில் சொன்னார்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஆதம்பாவா எழுந்து வந்தார். நேராகப் படலைக்குப் போய் அதைத் திறந்தார்.

"என்ன மச்சான், குண்டப் பாக்காமப் போறீங்க? வாங்க. பயப்பிடாதீங்க, நானும் பக்கத்திலதானே நிக்கன்."

அந்த மனிதர் இறங்கினார். இறங்காமல் இருக்க முடியவில்லை, தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மேசைக்கு வந்து குனிந்தார். முதலில் தவறான கண்ணை மூடினார். ரிபாயா சொல்லிக்கொடுத்தாள். பிறகு அசையாமல் வெகுநேரம் பார்த்தார். அவர் நெற்றி வியர்வை நுண்ணோக்கியின் மேல் சொட்டுமோ என்று எனக்குப் பதறியது.

நிமிர்ந்தார். ஆதம்பாவா கேட்டார்.

"பாத்தயா?"

"ஓம்."

"வடிவாப் பாத்தயா?"

"ஓம் காக்கா."

"அப்ப இப்ப கடைக்குப் பெயித்துச் செல்லு."

அவர் வண்டியைக் கிளப்பவில்லை. தள்ளிக்கொண்டே சந்தியை நோக்கி நடந்தார். ஆதம்பாவா படலையைச் சாத்தினார். திரும்பும் வழியில் என் மேசையருகே நின்று, காகிதத்தில் இருந்த பூவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விறாந்தைக்குப் போய் மிச்சம் இருந்த சாரன்களை மடிக்கத் தொடங்கினார். மூன்றாவது கொம்பு இன்னும் பாக்கி இருந்தது. வெளிச்சமும் கொஞ்சம் இருந்தது.